மூலையில் இருந்த பெட்டி

ஏழு மாதமாக ஒரே புலம்பல். புது சப்வூஃபர் (அடி ஓசையை, அதாவது பேஸை மட்டும் தருகிற ஸ்பீக்கர் பெட்டி, சுருக்கமாக சப்) வந்ததிலிருந்து படம் பார்க்கும்போதெல்லாம் எதுவோ குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என்ன குறைகிறது என்று யாராவது கேட்டால் பதில் வராது. அடிவயிற்றில் வந்து உட்காருமே, அந்த கனம் இல்லை என்பேன். சோபா அதிரவில்லை என்பேன். கடைசியில் எங்கே போய் நிற்பேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: "என்ன இருந்தாலும் பழசு பழசுதான்." இதை நான் நண்பர்களிடம், உறவினர்களிடம், கேட்காதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். என் பேச்சை நம்பி ஒருவர் புதிது வாங்கும் திட்டத்தையே கைவிட்டார். அவருக்கு இந்தக் கட்டுரையை அனுப்ப வேண்டும்.

பழைய பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றைத் தள்ளும் 12 அங்குல கோன், முன்பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஒரு போர்ட் (காற்றுத் துளை), பின்பக்கம் சூட்டைக் கடத்த விசிறி மடிப்பு போல ஹீட் சிங்க். உள்ளே பழைய பாணி கிளாஸ் ஏபி ஆம்ப் (ஒலிபெருக்கிச் சுற்று), 150 வாட். அதற்குச் சோறு போட ஒரு பெரிய வளைய டிரான்ஸ்ஃபார்மர். மொத்தம் 27 கிலோ. ஸ்விட்சைப் போட்டால் "டும்" என்று ஒரு முனகலோடு விழித்துக்கொள்ளும். பதினெட்டு வருடம் டிவிக்கு இடதுபக்க மூலையில், திரைச்சீலைக்குப் பின்னால் கிடந்தது. புதியது 10 அங்குலம், நாலாபக்கமும் மூடிய சீல்டு பெட்டி, 500 வாட் கிளாஸ் டி ஆம்ப், உள்ளே ஒலியைக் கணக்குப் போட்டுத் திருத்தும் டிஎஸ்பி சில்லு, ஃபோனிலிருந்தே எல்லாவற்றையும் மாற்ற ஒரு செயலி. 14 கிலோதான். இரண்டையும் இடம் மாற்ற அக்கா மகன் வந்திருந்தான். பழையதைத் தூக்கியதும் "மாமா, உள்ளே கல்லு ஏதும் போட்டு வெச்சிருக்கீங்களா?" என்றான். புதியதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்து, "இதுல ஒண்ணுமே இல்ல போலிருக்கே" என்றான். அந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்குள் விஷமாக இறங்கியது என்று இப்போது தோன்றுகிறது. கனமான பெட்டியில்தான் கனமான சத்தம் வரும் என்று மனசு அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டது.

எடை எங்கே போனது

எடை குறைந்ததில் மர்மம் ஒன்றும் இல்லை. கிளாஸ் ஏபி ஆம்ப் தான் வாங்குகிற மின்சாரத்தில் பாதியைச் சூடாகவே கொட்டும். அதனால்தான் அவ்வளவு பெரிய ஹீட் சிங்க், அவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர். கிளாஸ் டி 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடத்தில் உள்ளங்கை அகல ஸ்விட்சிங் பவர் சப்ளை ஒன்று இருந்தால் போதும். இதைப் புரிந்துகொள்வது சுலபம். எனக்குப் புரியாமல் இருந்தது, பெட்டி எப்படிச் சிறியதாயிற்று என்பதுதான்.

கே.எல்.எச். என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் இருக்கும் "எச்" ஹாஃப்மன். அவர் பெயரால் ஒரு விதி உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் அதிக சத்தம் இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். (இவர் பியானோ மேதை யோசஃப் ஹாஃப்மனின் மகன். அப்பா விரலால் செய்ததை மகன் பெட்டிக்குள் அடைக்கப் பார்த்திருக்கிறார்.) அந்தக் காலத்தில் வாட் என்பது காசு, எடை, சூடு. அதனால் பெட்டியைப் பெரிதாக்கினார்கள், போர்ட் வைத்தார்கள், கிடைத்த கொஞ்சம் வாட்டில் சத்தத்தைப் பிழிந்தார்கள். 1990களின் நடுவில் ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் ஒவ்வொரு பக்கமும் 11 அங்குலமே உள்ள கனசதுரத்தில் 2,700 வாட் என்று விளம்பரம் செய்து ஒரு சப் கொண்டுவந்தபோது பலர் சிரித்தார்கள். அவர் விதியை மீறவில்லை. மூன்றில் மூன்றாவதை விட்டுக்கொடுத்தார், அவ்வளவுதான். இன்று விற்கிற சின்ன சீல்டு பெட்டிகள் பலவும் அந்த வழியில் வந்தவை. வாட் மலிந்துவிட்டது, அதனால் வாட்டைக் கொட்டி இடத்தை மிச்சம் பிடிக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் எந்த வாட்டாலும் ஏமாற்ற முடியாது. அது காற்று. பேஸ் என்பது தள்ளப்படும் காற்றின் கொள்ளளவு. அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு கோன் நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர் ஆடுகிற கோன் 20 ஹெர்ட்ஸில் 16 மில்லிமீட்டர் ஆட வேண்டும். என் புதிய சப்பின் கோன் பரப்பு சுமார் 330 சதுர சென்டிமீட்டர். முன்னே 16 மில்லிமீட்டர் போனால் அரை லிட்டர் காற்றைத் தள்ளும். கணக்குப் போட்டால், வெட்டவெளியில் தரையில் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் 20 ஹெர்ட்ஸில் இது 95 டெசிபெல் போல வரும். தியேட்டர் சத்தத்துக்கான டால்பியின் ரெஃபரன்ஸ் அளவில், பேஸுக்கென்றே உள்ள எல்எஃப்ஈ சேனலின் உச்சம் 115 டெசிபெல். அதாவது பத்து மடங்கு காற்று, ஐந்து லிட்டர், ஒரு சின்ன வாளி அளவு. வீட்டுக்குள் சுவர்கள் கொஞ்சம் கைகொடுக்கும், நாமும் அவ்வளவு சத்தமாகப் படம் பார்ப்பதில்லை. இருந்தாலும் பழசா புதுசா என்று பேச ஆரம்பிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை வாட் என்பது இல்லை, எத்தனை லிட்டர் என்பதுதான். என் பழைய 12 அங்குலம் எனக்குத் தெரிந்தவரை புதியதைவிடக் கொஞ்சம் குறைவாகவே காற்றைத் தள்ளும். ஆனால் 28 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் அதன் போர்ட்டில் இருக்கும் காற்றே வேலையை எடுத்துக்கொள்ளும், கோன் அசையாமல் நிற்பதுபோல இருக்கும். அதற்குக் கீழே போனால் கோனைப் பிடித்து வைக்க ஆள் இல்லை, தறிகெட்டு ஆடும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்றுதான் வர வேண்டும். என் காதுக்கு அப்படி வரவில்லை. அதுதான் ஏழு மாதப் புலம்பல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

கடைசியில் ஒரு அளவீட்டு மைக் வாங்கினேன். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். சோபாவில் நான் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் மைக்கை நிறுத்தி, 15 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஒரு ஏறுமுக ஓசையை ஓடவிட்டேன். வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத லாரி ஒன்று நுழைந்து, மெல்ல வேகமெடுத்து வெளியே போவதுபோல இருக்கும். புதிய சப்பின் கோடு திரையில் வந்தது. 34 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெரிய பள்ளம், 80 பக்கம் இன்னொரு பள்ளம். பழையதை அதன் மூலையில் வைத்து ஓட்டினேன். அதே 34 ஹெர்ட்ஸில் ஒரு மேடு, மற்ற இடங்களைவிட 9 டெசிபெல் உயரம். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் சொன்னது சரி, என் காது சரி, ஆதாரம் கையில். மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் இரண்டு கோட்டையும் பார்த்துவிட்டு மிகச் சாதாரணமாகக் கேட்டான்: "ரெண்டும் ஒரே இடத்துலயா மாமா இருந்துச்சு?"

இல்லை. புதியது வந்த அன்று அதன் அழகுக்கு மூலை பொருந்தவில்லை என்று நீளச் சுவரின் நடுவில், புத்தக அலமாரி பக்கத்தில் வைத்தேன். அங்கேதான் பிளக் பாயின்ட்டும் இருந்தது. ஏழு மாதமும் அது அங்கேயே இருந்தது. நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது இரண்டு பெட்டிகளை என்று நினைத்திருந்தேன்.

சரி, மாற்றி வைப்போம் என்றான். பழையதை அலமாரிப் பக்கம் நகர்த்தினோம், புதியதை மூலைக்கு. ஒலி அளவை 75 டெசிபெல்லில் சமப்படுத்தினேன், ரிசீவரில் (ஒலியை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) தூரத்தையும் டேப் வைத்து அளந்து மாற்றினேன். ஓட்டினேன். நான் அந்தத் திரையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. மேடு புதியதிடம் போய்விட்டது. அதே 34 ஹெர்ட்ஸ், அரை டெசிபெல் முன்னே பின்னே அதே உயரம். பழையதிடம் பள்ளம் வந்துவிட்டது. பதினெட்டு வருடம் நான் கொண்டாடிய அந்த கனத்தை, பெட்டியைத் தூக்கியபோது மூலை தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது. நம்பாமல் ஒரு ஹெலிகாப்டர் காட்சியைப் போட்டேன். என் பழைய பெட்டி, 27 கிலோ, வளைய டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சேர்ந்து, பொம்மை ரேடியோ போல மெலிந்து ஒலித்தது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பழைய வாத்தியாரை வேறு ஊரில் பார்த்தபோது அவர் சாதாரண மனிதராகத் தெரிந்ததுபோல.

காரணம் பள்ளிக்கூடக் கணக்கு. ஒலி ஒரு நொடிக்கு 343 மீட்டர் போகிறது. என் அறையின் நீளம் 5 மீட்டர். அதன் இரண்டு மடங்கால் வகுத்தால் 34.3 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் அலை முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே சரியாக அரை அலையாக மாட்டிக்கொண்டு நிற்கும். சுவரோரங்களில் அழுத்தம் உச்சம், நடுவில் பூஜ்யத்துக்குப் பக்கம். மூலையில் வைத்த பெட்டி அந்த அலையைத் தட்டி எழுப்பும். நீளச் சுவரின் நடுவில் வைத்த பெட்டி, அழுத்தம் மாறவே மாறாத இடத்தில் நின்று தள்ளிக்கொண்டிருக்கும். என் சோபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது, அதாவது மேட்டின் உச்சியில். செயலியில் இருந்த தானியங்கி ஈக்வலைசர் (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியாக ஏற்றி இறக்குவது) இந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு 6 டெசிபெல் ஏற்றி நிரப்பப் பார்த்திருக்கிறது. 6 டெசிபெல் என்றால் நான்கு மடங்கு பவர், கோனுக்கு இரண்டு மடங்கு ஆட்டம். பாவம், அது ஏழு மாதம் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

டேப் வைத்து அளந்த புத்திசாலித்தனம்

80 ஹெர்ட்ஸ் பள்ளம் மட்டும் போகவில்லை. மூலைக்கு வந்த பிறகும் புதியதோடு கூடவே வந்தது. பழையது எங்கே இருந்தாலும் அது இல்லை. ஆக, இது அறை செய்த வேலை இல்லை, பெட்டி செய்த வேலைதான் என்று எனக்குள் ஒரு சின்ன நம்பிக்கை மறுபடி முளைத்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். ரிசீவரின் அமைப்புகளைத் திறந்தபோது சப்வூஃபர் தூரம் டேப் சொன்னபடியே இருந்தது. அதைப் போட்டது நான்தான். புதியதை நீளச் சுவரின் நடுவில் வைத்த அன்று ரிசீவர் தன் மைக்கால் அளந்து 5.1 மீட்டர் என்று சொன்னது. நான் டேப் எடுத்து அளந்தேன், 3 மீட்டர் இருந்தது. இந்த இயந்திரங்களுக்கு மூளையே கிடையாது என்று சிரித்துக்கொண்டே மாற்றினேன்.

மூளை இல்லாதது யாருக்கு என்பது அப்புறம்தான் தெரிந்தது. ரிசீவருக்குத் தூரம் என்பது நேரம். டிஎஸ்பி உள்ள சப், வருகிற சிக்னலை எண்ணாக மாற்றி, கணக்குப் போட்டு, திரும்ப ஒலியாக்கி அனுப்பச் சில மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். ஒரு மில்லிநொடி என்பது 34 சென்டிமீட்டர். ரிசீவர் அந்தத் தாமதத்தையும் சேர்த்து, அந்தப் பெட்டி 5.1 மீட்டரில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. சரியாகத்தான் எடுத்துக்கொண்டது. நான் 2.1 மீட்டரைச் சுரண்டி எடுத்தேன். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4.3 மீட்டர். அதில் 2.1 மீட்டர் என்றால் ஏறக்குறைய அரை அலை. சரியாக கிராஸ்ஓவர் இடத்தில், அதாவது சப்பும் மற்ற ஸ்பீக்கர்களும் வேலையைக் கைமாற்றிக்கொள்ளும் அதிர்வெண்ணில், முன் ஸ்பீக்கர்கள் தள்ளும்போது சப் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட்டு, நடுவில் ஒரு ஓட்டை. பழைய பெட்டியில் இந்த வம்பே இல்லை, அதில் கணக்குப் போட ஒன்றும் கிடையாது. அந்த 2.1 மீட்டரைத் திரும்பச் சேர்த்தேன். பள்ளம் நிரம்பியது. துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒரு முதுகெலும்பு வந்தது. இதற்கு ஏழு மாதம்.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா

இருக்கிறது, ஆனால் நான் தேடிய இடத்தில் இல்லை. முன்சுவரின் இரண்டு மூலைகளிலும் ஆளுக்கொன்றாக வைத்து, அளவைச் சமப்படுத்தி, நான் கண்ணை மூடிக்கொள்ள மருமகன் கேபிளை மாற்றி மாற்றிச் செருகினான். வழக்கமாக நாங்கள் படம் பார்க்கும் சத்தத்தில் பத்துக்கு ஆறுதான் சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் இதே மதிப்பெண் வந்திருக்கலாம். வால்யூமை ஏற்றியதும் கதை மாறியது. பத்துக்குப் பத்து. ஏனென்றால் அப்போது பழையது பேச ஆரம்பித்துவிடும். போர்ட்டில் "புஸ் புஸ்" என்று காற்று சீறும். ரொம்ப ஆழமான ஒரு வெடியில் "டக்" என்று ஏதோ இடிக்கும். கோன் தன் எல்லையைத் தொட்ட சத்தம் அது. புதியது ஒருபோதும் அப்படி அலறாது. அதன் லிமிட்டர் முன்கூட்டியே கணக்குப் போட்டு மெல்லப் பின்வாங்கிவிடும். ஐந்தைந்து டெசிபெல்லாக ஏற்றி அளந்து பார்த்தேன். 50 ஹெர்ட்ஸ் சொன்னபடி ஏறுகிறது, 20 ஹெர்ட்ஸ் ஒரு இடத்துக்கு மேல் நகர மறுத்து நின்றுவிடுகிறது. சத்தமில்லாமல் செய்கிற ஏமாற்று, ஆனால் நாகரிகமான ஏமாற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அலறல்தான் பலருக்கு "நிஜமான பேஸ்". மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸ் என்பது ஏறக்குறைய 78 டெசிபெல் இருந்தால்தான் லேசாகவே கேட்க ஆரம்பிக்கும். 80 ஹெர்ட்ஸுக்கு 30 டெசிபெல்லைச் சற்றே தாண்டினால் போதும். காதின் இந்தப் பாரபட்சத்தை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஆகவே ஒரு பழைய சப் 25 ஹெர்ட்ஸில் திணறும்போது அதன் திரிபில் (ஒலி சிதைவதில்) பிறக்கும் 50-ம் 75-ம் காதில் அசலைவிடப் பலமாக விழும். நாம் கேட்டு மகிழ்வது பெரும்பாலும் பெட்டி மூச்சு வாங்குவதைத்தான். வெலோடைன் நிறுவனம் இந்தத் திரிபை அடக்குவதற்காகவே கோனில் ஒரு முடுக்கமானியை ஒட்டி, ஒவ்வொரு அசைவையும் அளந்து திருத்தும் சர்வோ முறையில் 1980களிலேயே சப் செய்தது. (அதை நிறுவிய டேவிட் ஹால் பிறகு தானோட்டிக் கார்களின் தலையில் சுழலும் லைடார் கருவிக்குப் போய்விட்டார். கோன் எங்கே இருக்கிறது என்று அளந்தவர் கார் எங்கே இருக்கிறது என்று அளக்கப் போனார்.) எனவே பழசெல்லாம் திணறும் என்றும் சொல்ல முடியாது. என்னுடையது திணறும்.

எனக்குப் புதியதன் மேல் இன்றும் ஒரு மனக்குறை உண்டு, அது ஒலியைப் பற்றியது இல்லை. பழையதில் நாலு வருடத்துக்கு முன் ஹம் சத்தம் வந்தது. பின் தகட்டில் எட்டு ஸ்க்ரூ, கழற்றினால் தகட்டோடு சேர்ந்த பிளேட் ஆம்ப் முழுசாகக் கையோடு வந்துவிடும். இரண்டு பெரிய கப்பாசிட்டர் உப்பியிருந்தன. பக்கத்தில் தொழிற்சாலையில் ஊற்றிய மஞ்சள் பசை வருடக்கணக்கில் சூட்டில் வெந்து பழுப்பாகி, அடியில் இருந்த ரெசிஸ்டர் காலை அரித்திருந்தது. பசையைச் சுரண்டினேன், மூன்று பொருளை மாற்றி சால்டர் வைத்தேன், ஹம் போயிற்று. நாளைக்கு அந்த ஆம்ப் முழுதாகச் செத்தாலும் அதே வாட்டில் பொருந்துகிற வேறு பிளேட் ஆம்ப் ஒன்றை மாட்டி ஓட்டலாம். புதியதில் அது நடக்காது. நண்பர் ஒருவரின் சப்பில் போர்டு போனது, நாலு வருடம்கூட ஆகவில்லை. அந்த போர்டு இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். வெளி ஆம்ப் ஒன்றை மாட்டிப் பார்த்தார். ஒலி வந்தது, ஆனால் அது அந்த சப்பின் ஒலி இல்லை. எங்கே ஏற்றுவது, எங்கே நிறுத்துவது என்ற அறிவெல்லாம் செத்த போர்டில் இருந்தது. அந்த அறிவு இல்லாத கோனும் பெட்டியும் பாதிப் பொருள்தான். லிமிட்டர் இல்லாமல் ஓட்டியதில் ஒரே வாரத்தில் கோனை ஆட்டும் கம்பிச்சுருளும் கருகியது. பழைய பெட்டிகளில் இயற்பியல் மரத்திலும் காந்தத்திலும் இருந்தது. புதியவற்றில் பாதி ஒரு சில்லுக்குள் இருக்கிறது. என் ஃபோன் செயலி அடுத்த ஃபோனில் ஓடுமா என்பது வேறு கவலை.

இரண்டையும் சேர்த்து வைத்துவிடலாமே என்று யோசித்தேன். ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் டாட் வெல்டி 2002-ல் எழுதிய ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சப் வைத்தால் இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுவது நன்றாகக் குறையும் என்கிறது. ஆனால் ஒரு போர்ட் பெட்டியும் ஒரு சீல்டு பெட்டியும் ஒரே மாதிரி நடக்காது. 28 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் பழையதன் அலைக்கட்டம் (phase) திரும்பிவிடும், ஒன்று தள்ளும், ஒன்று இழுக்கும். முயன்று பார்த்தேன், அந்த இடத்தில் ஒரு குழி. விட்டுவிட்டேன். புதியது இப்போது மூலையில் இருக்கிறது. ஈக்வலைசரால் பள்ளத்தை நிரப்புவது வீண் செலவு, மேட்டை வெட்டுவது லாபம், பவரும் மிச்சம். 34 ஹெர்ட்ஸ் மேட்டை வெட்டினேன். முழுக்க இல்லை, ஒரு 4 டெசிபெல் விட்டு வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடப் பழக்கம்.

பழையதை மருமகன் கேட்டான், கொடுத்துவிட்டேன். படிக்கட்டில் இரண்டு பேருமாக இறக்கினோம், இடையில் மூன்று முறை கீழே வைத்து மூச்சு வாங்கினோம். மறுநாள் இரவு ஃபோன் செய்தான். "மாமா, ஜன்னல் கண்ணாடி எல்லாம் கிடுகிடுன்னு ஆடுது, செம்மையா இருக்கு!" எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். மூலையில் என்றான். அறை நீளம் என்ன, எங்கே உட்காருகிறாய் என்று ஆரம்பித்தேன். மைக்கைக் கொண்டுவருகிறேன், பெட்டியைச் சுவர் நடுவில் வைத்துப் பார்த்தால் உனக்கே புரியும் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"வேணாம் மாமா," என்றான். "இப்படியே இருக்கட்டும்."